பூனை மூடிய மண்: அதிசயம் பாதி, எச்சரிக்கை பாதி!

தர்மபுரி மாவட்டத்தில் பாப்பாரப்பட்டி என்று ஓர் ஊர். தேசபக்தர் சுப்பிரமணிய சிவா தமது கடைசி நாட்களைக் கழித்துக் கண் மூடிய ஊர் அது. வேளாண்மை அறிவியல் நிலையம் ஒன்றும் அங்கே இருக்கிறது. சுற்று வட்டாரத்தில் கேழ்வரகுக் கொல்லைகள், மாந்தோப்புகள், புளியமரங்கள்.

கேழ்வரகு மூட்டை இருக்கும் இடத்தில் எலி இருக்கும். எலி இருக்கும் இடத்தில் பூனை இருக்கும். பாப்பாரப்பட்டியில் மட்டும் அல்ல, தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் இதே கதைதான்.

இந்தப் பூனையிடம் ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. நாய்க்கு அது கிடையாது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் கிடையாது. வெளிக்குப் போனால், மண்ணைப் போட்டு மூடிவிட்டுத்தான் பூனை நகரும்!

செய்த தப்பை மறைக்கப் பார்க்கிறவனை, "பூனை மூடுகிற மாதிரி மூடுகிறாயே!" என்று பெரியவர்கள் கேலி செய்வது உண்டு. பூனை உண்மையில் எதை மறைக்கிறது? யாரிடமிருந்து மறைக்கிறது? அது மூடிய மண்ணைத் தொட்டால் நமக்குக் கெடுதல் உண்டா? இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் தெரிந்துகொள்வது ஒவ்வொரு குடும்பத்துக்கும் நல்லது. முக்கியமாக, கர்ப்பிணிப் பெண்கள் உள்ள வீட்டுக்கு மிகவும் நல்லது.

எப்படி மூடுகிறது?

வீடு கட்டுவதற்காகத் தெருவில் மணல் கொட்டி வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூனைக்கு அதைவிட வசதியான இடம் வேறு இல்லை.

முதலில் அங்கும் இங்கும் முகர்ந்து இடம் தேடும். பிறகு முன்னங்காலால் ஒரு சிறு குழி பறிக்கும். உட்காரும். காரியம் முடிந்ததும் திரும்பி முகர்ந்து பார்க்கும். பக்கத்து மண்ணை இழுத்துப் போட்டு மூடும். மறுபடியும் மூக்கை வைத்துப் பார்க்கும். வாடை இன்னும் வந்தால், இன்னும் கொஞ்சம் மண்! திருப்தி ஆன பிறகுதான் வாலை உயர்த்திக்கொண்டு போகும்.

இதைக் குட்டிக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? பிறந்து சுமார் மூன்று வாரம் வரை குட்டிக்குத் தானாக மலஜலம் கழிக்கத் தெரியாது. தாய்தான் நாக்கால் நக்கிவிட்டுக் கழிக்க வைக்கும். அந்தக் கழிவைத் தாயே நக்கிச் சுத்தம் செய்துவிடும். குட்டி படுத்திருக்கும் இடம் நாறாமல் இருப்பது இதனால்தான்.

நாலாவது வாரத்தில் குட்டி நடமாடத் தொடங்கும். உதிரி மண்ணைக் கண்டதும் தானாகவே கீறிப் பார்க்கும். தாய் இல்லாமல் வளரும் குட்டியும் இப்படியே செய்யும். ஆகவே இது பெரும்பாலும் கூடப் பிறந்த குணம். எந்த இடத்தில் போவது என்பதைத் தாயைப் பார்த்தும் தெரிந்துகொள்ளும்.

யாருக்குப் பயந்து?

வீட்டுப் பூனையின் மூதாதை ஒரு காட்டுப் பூனை. வட ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் உள்ள வறண்ட நிலங்களில் திரிந்தது. மனிதன் தானியத்தைச் சேர்த்து வைக்கத் தொடங்கினான். எலி வந்தது. எலியைத் தேடிப் பூனையும் வந்தது. சைப்ரஸ் தீவில், சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மனிதனைப் புதைத்த குழிக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையையும் புதைத்திருந்தார்கள். பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் இந்தச் செய்தியை 2004-ம் ஆண்டில் வெளியிட்டார்கள்.

அந்தக் காட்டுப் பூனை எலிக்கு எமன். ஆனால் அதைவிடப் பெரிய மிருகங்களுக்கு அதுவே இரை. கழிவின் வாடையை வைத்து எதிரி தன்னைக் கண்டுபிடித்துவிடக் கூடாது. குட்டிகள் இருக்கும் இடமும் தெரிந்துவிடக் கூடாது. மண்ணைப் போட்டு மூடும் வழக்கம் இப்படித்தான் வந்திருக்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள்.

புலியையும் சிறுத்தையையும் பாருங்கள். அவையும் பூனைக் குடும்பம்தான். ஆனால் அவற்றுக்கு யாரிடம் பயம்? தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பரந்து கிடக்கும் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்தில் சிறுத்தைகள் உண்டு. காட்டுப் பாதையிலேயே, எல்லோருக்கும் தெரியும்படி சிறுத்தை எச்சம் இட்டுப் போகும். "இது என் எல்லை" என்று மற்றச் சிறுத்தைகளுக்கு அது விடுக்கும் நோட்டீஸ் அது! அந்த எச்சத்தையும் காலடித் தடத்தையும் பார்த்துத்தான் வன ஊழியர்கள் சிறுத்தை நடமாட்டத்தை அறிகிறார்கள்.

வீட்டுப் பூனைக்கும் இந்த ராஜ குணம் சில சமயம் வந்துவிடும். தன் எல்லை ஓரத்தில் சில பூனைகள் மூடாமலே விட்டுப் போவது உண்டு. கடுவன் பூனை நின்றபடியே வாலைத் தூக்கிச் சுவரில் மூத்திரத்தைப் பீய்ச்சும். அதுவும் நோட்டீஸ்தான். பூனை மூத்திரத்தில் கந்தகம் கலந்த ஒரு பொருள் இருக்கிறது. நேரம் ஆக ஆக அது சிதைந்து மூக்கைத் துளைக்கும் வாடை கிளம்பும். கடுவன் பூனையிடம் இந்தப் பொருள் அதிகம். கால்நடை டாக்டரிடம் காட்டிக் கருத்தடை ஆபரேஷன் செய்துவிட்டால், சுவரில் பீய்ச்சும் பழக்கம் பெரும்பாலும் குறைந்துவிடும்.

ஆகவே, பூனை மூடுவது வெட்கத்தாலும் அல்ல. நம் வீடு சுத்தமாக இருக்க வேண்டும் என்ற அக்கறையாலும் அல்ல. வாடையை மறைப்பதுதான் அதன் நோக்கம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

மண்ணுக்கு உள்ள சக்தி

காய்ந்த மண்ணைப் போட்டால் வாடை ஏன் அடங்குகிறது? மண் ஈரத்தை உறிஞ்சுகிறது. வாடையையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் கழிவை மெல்ல மெல்ல மக்க வைக்கின்றன.

பூனைக்குத் தெரிந்த இந்த வித்தையை மனிதனும் பிடித்துக்கொண்டான். இங்கிலாந்தில் ஹென்றி மௌல் என்ற பாதிரியார், காய்ந்த மண்ணைக் கொட்டி மூடும் கழிப்பிடம் ஒன்றைச் செய்து, 1860-ம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை வாங்கினார். மலத்தை உலர்ந்த மண்ணால் மூட வேண்டும் என்று காந்தியடிகள் ஓயாமல் வற்புறுத்தினார். திருச்சி மாவட்டம் முசிறியில், தண்ணீர் ஊற்றாமல் சாம்பல் தூவி மூடும் கழிப்பிடங்களைக் கட்டினார்கள்.

கடையில் வந்த களிமண்

தெருவெல்லாம் சிமெண்டு ஆகிவிட்டது. கொல்லைப்புறமும் சிமெண்டு. மாடி வீட்டில் மண்ணே கிடையாது. பூனை எங்கே போகும்? பூந்தொட்டிக்குப் போகும். அரிசி மூட்டையின் மறைவுக்குப் போகும். துணி மூட்டைக்கும் போகும். பிறகு பூனைக்கு அடி விழும்!

குளிர் நாடுகளில் இந்தத் தொல்லை முன்பே வந்தது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்டு லோ என்ற இளைஞர் இருந்தார். எண்ணெய் சிந்தினால் உறிஞ்சும் களிமண், மரத்தூள் முதலியவற்றைத் தொழிற்சாலைகளுக்கு விற்பது அவர் குடும்பத்தின் தொழில். 1947-ம் ஆண்டு குளிர்காலத்தில் பக்கத்து வீட்டு அம்மாள் ஒருவர் அவரிடம் வந்தார். பூனைக்காகக் குவித்து வைத்திருந்த மணல் பனியில் உறைந்துவிட்டது. சாம்பலைப் போட்டால், பூனை காலில் ஒட்டிக்கொண்டு வீடெல்லாம் கரி. "கொஞ்சம் மணல் கிடைக்குமா?" என்று கேட்டார்.

லோ மணலுக்குப் பதிலாக உலர்ந்த களிமண் குருணையைக் கொடுத்து அனுப்பினார். அந்த அம்மாளுக்குப் பரம திருப்தி. மறுபடியும் அதையே கேட்டு வந்தார். லோவுக்குப் பொறி தட்டியது. பத்துக் காகிதப் பைகளில் அதை நிரப்பிக் கடைக்கு எடுத்துப் போனார். மணல் மலிவாகக் கிடைக்கும்போது மண்ணைக் காசு கொடுத்து யார் வாங்குவார்கள் என்று கடைக்காரர் சிரித்தார். "அப்படியானால் சும்மா கொடுங்கள்" என்றார் லோ. சும்மா வாங்கிப் போனவர்கள், காசு கொடுத்து வாங்கத் திரும்பி வந்தார்கள். மண்ணை விற்றே லோ கோடீசுவரர் ஆனார்!

1984-ம் ஆண்டில் தாமஸ் நெல்சன் என்ற விஞ்ஞானி இன்னொரு களிமண்ணைக் கண்டார். பெண்டோனைட் என்று பெயர். ஈரம் பட்ட இடம் மட்டும் கட்டியாகிவிடும். கட்டியை மட்டும் அள்ளி எறிந்தால் போதும். நம் நாட்டில் குஜராத்தின் கட்ச் பகுதியில் இந்த மண் ஏராளமாகக் கிடைக்கிறது. இப்போது நம் ஊர்க் கடைகளிலும் பை பையாக விற்கிறார்கள்.

செலவில்லாத பெட்டி

கடை மண் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பூனை தாராளமாகத் திரும்பி உட்காரக் கூடிய ஒரு பழைய பிளாஸ்டிக் தொட்டி போதும். சலித்த மண், மரத்தூள், காய்ந்த தென்னைநார்த் தூள், நன்றாக ஆறிய சாம்பல், எது கிடைக்கிறதோ அதை இரண்டு அங்குல உயரத்துக்குப் பரப்புங்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால், படித்து முடித்த பத்திரிகையைப் பொடிப்பொடியாகக் கிழித்துப் போடலாம்.

தொட்டியைச் சோறு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். சாப்பிடும் இடத்தில் வெளிக்குப் போகப் பூனைக்குப் பிடிக்காது. சந்தடி இல்லாத மூலையில் வையுங்கள். சாப்பிட்டதும் குட்டியைத் தூக்கி அதில் விடுங்கள். இரண்டு மூன்று நாளில் பழகிக்கொள்ளும். இரண்டு பூனை இருந்தால் மூன்று தொட்டி வைப்பது நல்லது என்பது கால்நடை டாக்டர்கள் சொல்லும் கணக்கு.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. தொட்டியைப் பினாயில் போட்டுக் கழுவக் கூடாது. பினாயில் வகை மருந்துகள் பூனைக்கு விஷம். காலில் பட்டதைப் பூனை நக்கும், உடம்புக்குள் போய்விடும். சோப்பும் வெந்நீருமே போதும்.

ஒழுங்காகத் தொட்டிக்குப் போய்க்கொண்டிருந்த பூனை திடீரென்று வேறு இடத்தில் போகிறதா? அடிக்காதீர்கள். தொட்டி அசுத்தமாக இருக்கலாம். அல்லது பூனைக்கு உடம்பு சரியில்லாமல் இருக்கலாம். கடுவன் பூனை அடிக்கடி உட்கார்ந்து முக்கியும் மூத்திரம் வரவில்லை என்றால், மூத்திரக் குழாய் அடைத்திருக்கக் கூடும். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விடக் கூடாது. உடனே கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

மூடியது மறைந்தது, அழியவில்லை!

இனிமேல்தான் முக்கியமான விஷயம்.

டாக்சோபிளாஸ்மா என்று ஒரு கிருமி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. 1908-ம் ஆண்டில் வட ஆப்பிரிக்காவில் டூனிஸ் நகரில் ஓர் எலி இனப் பிராணியின் உடலில் இதைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் அது எப்படிப் பரவுகிறது என்பது அறுபது ஆண்டுகள் வரை பெரும் புதிராக இருந்தது. 1970-ம் ஆண்டுவாக்கில் புதிர் விடுபட்டது. பூனையின் குடலில் வளர்ந்து, பூனையின் மலம் வழியாக அது மண்ணுக்கு வருகிறது என்று தெரிந்தது. இதைக் கண்டுபிடித்த விஞ்ஞானிகளில் ஒருவர் ஜே. பி. துபே. இந்தியாவில் பிறந்து, இங்கே கால்நடை மருத்துவம் படித்து, பிறகு அமெரிக்க விவசாய இலாகாவின் ஆராய்ச்சிக்கூடத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவர்.

பூனைக்கு இது எங்கிருந்து வருகிறது? எலியிடமிருந்துதான். கிருமி உள்ள எலியைத் தின்றால் பூனைக்கு வரும். பச்சைக் கறியைத் தின்றாலும் வரலாம். முதல் தடவை கிருமி தொற்றியதும், ஒன்று முதல் மூன்று வாரம் வரை பூனையின் மலத்தில் கிருமியின் முட்டைப் பைகள் கோடிக்கணக்கில் வெளியாகும். பிறகு பெரும்பாலும் நின்றுவிடும்.

வெளிவந்த உடனே அவை நம்மை ஒன்றும் செய்யா. ஒரு நாள் முதல் ஐந்து நாள் வரை பக்குவப்பட வேண்டும். பக்குவப்பட்ட பிறகு, ஈர மண்ணில் ஓர் ஆண்டுக்கு மேலும் உயிரோடு இருக்கக் கூடும். வெயிலில் கிடந்தால் காய்ந்து போகும். நிழலும் ஈரமும் உள்ள மண் அதற்குப் பாதுகாப்பு.

இப்போது யோசித்துப் பாருங்கள். பூனை தன் கழிவை மூடியது. வாடை மறைந்தது. ஆனால் கிருமி அழிந்ததா? இல்லை! மண்ணுக்குள் பத்திரமாக இருக்கிறது. வாடை வந்தால் நாமே ஒதுங்கிப் போவோம். வாடை இல்லாததால் அந்த மண்ணில் கை வைக்கிறோம். குழந்தைகள் அந்த மணல் குவியலில் வீடு கட்டி விளையாடுகிறார்கள். அந்தப் பாத்தியில் கீரை பறிக்கிறோம்.

நல்ல ஆரோக்கியம் உள்ளவருக்கு இந்தக் கிருமியால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. வந்ததே தெரியாது. ஆனால் கர்ப்பமாக இருக்கும்போது ஒரு பெண்ணுக்கு முதல் தடவையாக இது தொற்றினால், வயிற்றில் இருக்கும் சிசுவுக்கும் பரவக் கூடும். கருச்சிதைவு ஆகலாம். குழந்தையின் கண்ணையும் மூளையையும் கெடுக்கலாம். உடம்பில் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் ஆபத்து உண்டு.

இது தவிர, பூனை மலத்தில் நாக்குப்பூச்சி போன்ற புழுக்களின் முட்டைகள் இருக்கலாம். மணலில் விளையாடிவிட்டுக் கையை வாயில் வைக்கும் குழந்தைகளுக்கு இவற்றால் தொல்லை வரும். பூனைக்குக் காலாகாலத்தில் பூச்சி மருந்து கொடுப்பதும் அவசியம்.

பூனையை விரட்ட வேண்டுமா?

"அப்படியானால் இன்றைக்கே பூனையைச் சாக்கில் கட்டி ஊருக்கு வெளியே விட்டுவிடுகிறேன்" என்று சிலர் கிளம்பக் கூடும். வேண்டாம்!

சுப்பிரமணிய சிவாவின் கதையை நினைத்துப் பாருங்கள். 1908-ம் ஆண்டில் சிறைக்குப் போனவர், தொழுநோயோடு வெளியே வந்தார். தொழுநோயாளி ரெயிலில் ஏறக் கூடாது என்று அன்றைய சர்க்கார் தடுத்தது. அந்த மகான் ஊர் ஊராகக் கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் போய்ப் பேசினார். 1925-ம் ஆண்டு ஜூலை 23-ந் தேதி பாப்பாரப்பட்டியில் உயிர் நீத்தார். இன்று தொழுநோயை மருந்தால் முற்றிலும் குணப்படுத்தலாம். நோயாளியை விரட்டியதால் நோய் அடங்கவில்லை. நோயைப் பற்றிய அறிவு வந்த பிறகுதான் அடங்கியது. பயம் வேறு, கவனம் வேறு.

பூனையை மடியில் வைத்துத் தடவுவதால் டாக்சோபிளாஸ்மா வருவது அபூர்வம். சரியாக வேகாத கறி, கழுவாத காய்கறி, மண் பட்ட கை, இவற்றின் வழியாகத்தான் மனிதருக்கு அது பெரும்பாலும் வருகிறது. பூனையே வளர்க்காதவருக்கும் வரும். ஆகவே பூனையை விரட்டிப் பயன் இல்லை. விரட்டினால் எலி பெருகும். அது வேறு தொல்லை!

செய்ய வேண்டியவை

1. பூனைத் தொட்டியைத் தினமும் சுத்தம் செய்யுங்கள். கிருமி பக்குவப்பட ஒரு நாளாவது ஆகும் அல்லவா? அதற்குள் அள்ளிவிட்டால் ஆபத்து மிகவும் குறையும்.

2. கர்ப்பிணிப் பெண் இந்த வேலையைச் செய்யக் கூடாது. வீட்டுக்காரரோ மாமியாரோ செய்யட்டும். வேறு ஆளே இல்லை என்றால், கையுறை போட்டுச் செய்து, பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

3. அள்ளிய கழிவைப் பையில் கட்டிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள். அல்லது கிணற்றுக்கும் காய்கறிப் பாத்திக்கும் தள்ளி, ஆழமாகக் குழி வெட்டிப் புதையுங்கள். எருக்குழியில் போட்டுக் கீரைக்கு இடாதீர்கள்.

4. கீரை, கொத்தமல்லி, காய்கறிகளை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசுங்கள். ஆட்டுக்கறியை நன்றாக வேகவிடுங்கள். பூனைக்கும் பச்சைக் கறி போடாதீர்கள்.

5. தோட்ட வேலை செய்தவர்களும், மணலில் விளையாடிய குழந்தைகளும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பிட உட்காரக் கூடாது.

6. கர்ப்ப காலத்தில் சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கலாம். மருந்தும் உண்டு.

7. வீடு கட்ட மணல் கொட்டி வைத்திருக்கிறீர்களா? இரவில் தார்ப்பாயால் மூடி, நாலு பக்கமும் கல் வையுங்கள். அப்புறம் அது குழந்தைகளுக்கு மணல்மேடு. பூனைக்குக் கழிப்பிடம் அல்ல.

பூனை தனக்குத் தெரிந்த அளவில் மூடிவிட்டுப் போகிறது. வாயில்லாப் பிராணியால் அதற்கு மேல் முடியாது. மிச்சத்தை அள்ளி எறிவதும், கையைக் கழுவுவதும் நம் வேலை. ஒரு நாளைக்கு ஐந்து நிமிஷம் போதும்.